கவுண்டி ஃபேர்: துண்டு போடாத மாட்டுச் சந்தை

கேட்டவர் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். சென்னையிலிருந்து அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம் லூயிஸ் சென்டருக்குக் குடிவந்து ஒரு வருடம். ஒன்பது வயதில் ஒன்று, ஆறு வயதில் ஒன்று என இரண்டு பிள்ளைகள். வீட்டில் எல்லோரும் சைவம். செப்டம்பரில் டெலவேர் கவுண்டி ஃபேர் வருகிறது (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி, ஃபேர் அதன் வருடாந்திர விவசாயக் கண்காட்சி), அலுவலகத்தில் ஆளாளுக்கு "போய்ப் பாருங்கள்" என்கிறார்கள். கணவரோ, "தீவுத்திடல் பொருட்காட்சிதான், அங்கே டெல்லி அப்பளம், இங்கே வேறு எண்ணெய்ப் பண்டம், ராட்டினம் ரெண்டுக்கும் பொது" என்று முடித்துவிட்டார். ஒரு நாளைச் செலவழிக்கலாமா என்பது கேள்வி. எனக்கு இதற்குள் இன்னொரு கேள்வி கேட்கிறது: ராட்டினத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், வெளியூரிலிருந்து வந்த நமக்கு அங்கே பார்க்கவும் புரிந்துகொள்ளவும் ஏதாவது மிஞ்சுமா? மிஞ்சும். ராட்டினம் தவிர்த்த பாகம்தான் ஃபேர், ராட்டினம் வாடகைக்கு வந்தது. ஆனால் எந்தக் கொட்டகைக்கு, எந்த நேரத்தில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் கணவர் சொன்னதும் அப்படியே பலித்துவிடலாம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவன். இங்கே கறவை மாட்டுப் பண்ணைகளுக்குத் தீவனக் கணக்குப் போட்டுக் கொடுப்பது பிழைப்பு. பதினான்கு வருடமாக ஒஹாயோவில் வெவ்வேறு கவுண்டி ஃபேர்களில் மாட்டுக் கொட்டகைகளில் தன்னார்வலராக எடுபிடி வேலை செய்கிறேன். ஆகவே மாடு, பன்றி, ஆடு பற்றிச் சொல்வதை நம்பலாம். குதிரை எனக்கு அரைகுறை. தையல், கேக் விஷயத்தில் நானும் உங்களைப் போல வேடிக்கை பார்க்கிறவன்தான்.

முதலில் நம் ஊரிலிருந்து ஒரு காட்சி. காங்கேயம் பக்கம் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுச் சந்தையைப் பார்த்திருக்கிறீர்களா? விற்பவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு முகம் மட்டும்தான் தெரியும், எண் தெரியாது. ஒரு மாடு ஏன் இன்னொன்றைவிட உசத்தி என்பது தரகருக்குத் தெரியும், அதை அவர் யாருக்கும் சொல்லமாட்டார். சொன்னால் அவர் பிழைப்பு போச்சு. சின்ன வயதில் அப்பாவோடு போய் நின்றபோது எனக்கிருந்த ஒரே ஏக்கம், அந்தத் துண்டை யாராவது ஒரு நிமிடம் தூக்கிக் காட்டமாட்டார்களா என்பதுதான்.

கவுண்டி ஃபேரில் அந்தத் துண்டு கிடையாது. மரத்தூள் பரப்பிய வட்டத்துக்குள் எட்டுப் பத்துப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட்டில் ஆளுக்கொரு கறவை மாட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடப்பார்கள். நடுவர் சுற்றி வருவார், முதுகைத் தடவுவார், பின்னால் போய்க் குனிந்து மடியைப் பார்ப்பார், வரிசையை மாற்றுவார். பிறகு ஒலிவாங்கியை எடுத்து, ஊர் கேட்கக் காரணம் சொல்வார்: "முதலில் நிற்பதை இரண்டாவதற்கு மேலே வைக்கிறேன், பின்மடி உயரத்திலும் அகலத்திலும் இது மேல். நடையில் இரண்டாவது மாடு இதைவிட நன்றாக இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மடியில் விட்டதை நடையில் பிடிக்க முடியாது." கடைசியில் நிற்கும் பிள்ளை வரை இந்த விளக்கம் போகும். தோற்றவனுக்கு ஏன் தோற்றான் என்பதை, அவனுடைய பாட்டி தாத்தா எதிரிலேயே, மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவார்கள். இந்தப் பதினைந்து நிமிடத்துக்காகத்தான் நான் வருடா வருடம் லீவு போடுகிறேன்.

இதற்கு ஒரு மதிப்பெண் அட்டை உண்டு, ரகசியம் ஒன்றுமில்லை. கறவை மாட்டுக்கு 100க்கு மடி 40, பால்வாகு (பால் தருவதற்கேற்ற உடல்வாகு) 25, பின்னங்காலும் குளம்பும் 20, உடற்கட்டு 15. இந்த நான்கு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, நடுவர் வாய் திறப்பதற்கு முன் உங்கள் பிள்ளைகளை வரிசை போடச் சொல்லுங்கள். ஆறு வயசுக்காரர் நிறத்தைப் பார்த்துப் போடுவார், பரவாயில்லை. ஒன்பது வயசுக்காரர் மூன்றாவது ஆட்டத்துக்குள் காலைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

என் அம்மா ஒருமுறை வந்திருந்தபோது கூட்டிப்போனேன். ஐம்பது வருடம் மாடு கட்டியவர். நடுவர் முதலில் வைத்த ஹோல்ஸ்டீன் இன மாட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "அதுக்கு முதுவுல சுழி சரியில்ல, வீட்டுக்கு ஆகாது." அந்த மாட்டுக்காரப் பையனிடம் இதை மொழிபெயர்க்கச் சொல்லி என்னை வற்புறுத்தியதும், நான் மழுப்பி, "உன் மாட்டின் ரோமம் அழகாக இருக்கிறதாம்" என்று சொன்னதும் தனிக்கதை. அம்மா இன்றுவரை அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. ஆனால் நடுவர் மடியைப் பற்றிச் சொன்னதை நான் தமிழில் சொன்னபோது, "அது சரிதான், முன்காம்பு அகண்டிருக்கு" என்று தானாகவே இரண்டாவதில் ஒரு குறை கண்டுபிடித்தார். காரணத்தைச் சொன்னால்தான் மறுக்கவும் முடியும், பாதியையாவது ஒப்புக்கொள்ளவும் முடியும்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாசசூசெட்ஸ் மாநிலம் பிட்ஸ்ஃபீல்டில் எல்கானா வாட்சன் என்பவர் 1807இல் இரண்டு மெரினோ செம்மறிகளை ஊர்ப் பொதுவிடத்தில் கட்டிப் பார்வைக்கு வைத்தார். அந்த ரோமம் எப்படிப்பட்டது என்று பக்கத்து விவசாயிகள் தொட்டுப் பார்க்கட்டும் என்பதுதான் நோக்கம். கூட்டம் கூடியது. 1810இல் அதே ஊரில் கால்நடைக் காட்சி, 1811இல் பெர்க்‌ஷயர் விவசாயச் சங்கம். அதற்கு முன்னும் அமெரிக்காவில் கனவான்கள் கூடிக் கட்டுரை வாசிக்கும் விவசாயச் சங்கங்கள் இருந்தன. வாட்சன் செய்த மாற்றம், மாட்டையே மேடைக்குக் கொண்டுவந்து பரிசும் கொடுத்தது. வீட்டில் நெய்த துணிக்கும் பரிசு வைத்துப் பெண்களையும் வரவழைத்தார். ஒஹாயோவின் மாநில ஃபேர் 1850இல் சின்சினாட்டியில் தொடங்கியது. இன்று மாநிலத்தில் 88 கவுண்டி இருக்கிறது. ஒரு சில இடங்களில் தனியாக நடப்பவற்றையும் சேர்த்தால் ஃபேர்களின் எண்ணிக்கை தொண்ணூறைத் தாண்டும். ஜூனில் ஆரம்பித்து அக்டோபரில் ஃபேர்ஃபீல்டு கவுண்டியில் முடியும். உங்கள் டெலவேர் ஏறக்குறையக் கடைசிப் பந்தியில் வருவது, அதனால் வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும்.

"ராட்டினம் ஃபேர் இல்லை" என்று மேலே சொன்னதற்கு ஆதாரம் கேட்டால் 2020ஐக் காட்டுவேன். அந்த வருடம் கொரோனாவால் ஜூலை மாத இறுதிக்குப் பிறகு தொடங்கும் ஃபேர்களுக்கு மாநில அரசு கட்டுப்பாடு விதித்தது. ராட்டினம் கூடாது, விளையாட்டுக் கடை கூடாது, அரங்க நிகழ்ச்சி கூடாது. ஜூனியர் ஃபேர், அதாவது பிள்ளைகள் வளர்த்த விலங்குகளின் காட்சியும் விற்பனையும் மட்டும் நடக்கலாம். ராட்டினம் இல்லாத வருடமும் ஃபேர் என்றே எண்ணப்பட்டது. ஒரு மரத்தின் கிளைகளை எல்லாம் கழித்துவிட்டால் நிற்பது எதுவோ அதுதான் அடிமரம்.

பிள்ளைகளை வைத்துக் கேட்டிருப்பதால், இந்த ஜூனியர் ஃபேர் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன். இதன் முதுகெலும்பு ஃபோர்-எச் என்ற இளையோர் அமைப்பு. நான்கு இலைப் பச்சைச் சின்னம் எங்கும் கண்ணில் படும். தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்கு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்து. இது உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பிறந்தது. மாநிலத் தலைநகர் கொலம்பஸுக்கு மேற்கே கிளார்க் கவுண்டியில், ஸ்பிரிங்ஃபீல்டில், ஏ.பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் 1902 ஜனவரியில் கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சோளமும் காய்கறியும் பயிரிடச் சொல்லி ஒரு சங்கம் தொடங்கினார். 1914இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம் பல்கலைக்கழகத்தின் விவசாய அறிவை ஊருக்குக் கொண்டுபோகும் விரிவாக்கப் பணிக்கு மத்திய அரசின் பணத்தைக் கொடுத்தது, இந்தச் சங்கங்களும் அதன் கீழ் வந்தன. ஒஹாயோவில் இன்றும் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவுதான் இதை நடத்துகிறது. நீல நிறக் கார்டுராய் மேல்சட்டை போட்டு நிற்கும் பெரிய பிள்ளைகள் வேறு அமைப்பு. அது எஃப்.எஃப்.ஏ., 1928இல் தொடங்கியது, உயர்நிலைப் பள்ளி விவசாய வகுப்போடு சேர்ந்தது.

ஒரு பையன் பன்றி வளர்க்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வசந்தத்தில் சுமார் 25 கிலோவில் குட்டியை வாங்குவான். நாலு மாதத்தில் 120 கிலோவுக்குக் கொண்டுவரவேண்டும். தினமும் எவ்வளவு தீவனம், அதில் புரதம் எத்தனை சதவீதம், செலவு எவ்வளவு, எடை எவ்வளவு ஏறியது, எல்லாவற்றையும் திட்ட நோட்டில் எழுதவேண்டும். உணவுப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு ஒவ்வொரு வருடமும் கட்டாயம். என்ன மருந்து கொடுத்தான், கறியில் அது தங்கும் காலம் முடிந்துவிட்டதா என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் ஒரு அவமானக் கதை உண்டு. 1994 ஒஹாயோ மாநில ஃபேரில் பரிசு வாங்கிய மாடுகளில் தில்லுமுல்லு கண்டுபிடிக்கப்பட்டு, பட்டங்கள் பறிக்கப்பட்டன. அதன் பிறகு விதிகள் இறுகின. எங்கே பரிசு இருக்கிறதோ அங்கே திருட்டும் இருக்கும். ஆனால் அதைச் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பிடிக்கும் ஏற்பாடும் அங்கேயே இருக்கிறது.

விலங்கை மதிப்பிடும் போட்டி ஒன்று, பிள்ளையை மதிப்பிடும் போட்டி இன்னொன்று. இரண்டாவதற்கு ஷோமன்ஷிப் என்று பெயர், நேரம் குறைவாக இருந்தால் அதைத் தேடிப் பாருங்கள். சாதாரண மாட்டைப் பிடித்திருப்பவனும் இதில் ஜெயிக்கலாம். நடுவர் சட்டென்று கேட்பார்: இது எப்போது பிறந்தது, அடுத்த ஈற்று எப்போது, இதன் பெரிய குறை என்ன? கடைசிக் கேள்விக்கு "குறையே இல்லை" என்று சொல்பவன் கீழே போவான். கறவை மாட்டு வகுப்பில் இரண்டு பிள்ளைகளை மாடு மாற்றிப் பிடிக்கச் சொல்வதும் உண்டு, தெரியாத மாட்டிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்க்க. பன்றிக்குக் கயிறு கிடையாது, ஒரு குச்சியால் தட்டித் தட்டி நடுவர் கண்ணெதிரில் ஓட்டவேண்டும். அந்த வட்டத்துக்குள் பத்துப் பன்றி இருந்தால் எப்படி இருக்கும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

இனி சைவக் குடும்பம் என்று சொன்னதால் தவிர்க்கமுடியாத விஷயம். அந்தப் பன்றி, அந்த வெள்ளாட்டுக் கிடா, அந்தக் காளை ஃபேர் முடிந்ததும் பெரும்பாலும் நேராக அறுப்புக்குப் போகும். ஏல நாளில் வங்கிக்காரர், தீவன மில்காரர், டிராக்டர் விற்பவர் எல்லாம் வந்து சந்தை விலைக்கு மேலே கேட்பார்கள். பல ஃபேர்களில் அவர்கள் கொடுப்பது அந்த மேல்தொகையை மட்டும்தான், விலங்கு வழக்கமான விலைக்கு அறுப்புச் சாலைக்குப் போய்விடும். பிள்ளைக்குக் கல்லூரிச் செலவுக்குக் கொஞ்சம் பணம், அவர்களுக்கு ஊரில் நல்ல பெயர். விற்றுவிட்டு வெளியே வரும் பிள்ளைகளில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். நானே இதைப் பார்த்துப் பழகிக்கொள்ளச் சில வருடம் ஆனது.

இது பிள்ளைகளுக்கு நல்லதா? இங்கேதான் எனக்கு உறுதி குறைகிறது. பொறுப்பு வருகிறது, கணக்கு வருகிறது, பெரியவர்களோடு கண்ணைப் பார்த்துப் பேச வருகிறது. இதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்பா பணத்தில் விலை உயர்ந்த குட்டி, அப்பா ஆள் வைத்து வளர்ப்பு, பிள்ளை அன்றைக்கு மட்டும் வந்து கயிற்றைப் பிடிப்பது என்பதையும் பார்த்திருக்கிறேன். அறுப்புக்கு அனுப்பும் விலங்குக்குப் பெயர் வைத்து வளர்ப்பது மனதை உறுதியாக்குமா, மரத்துப்போகச் செய்யுமா என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு மாதிரி என்பதைத் தாண்டி நான் சொல்லத் துணியமாட்டேன். உங்கள் பிள்ளைகள் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கொட்டகையில் நிற்கும் பிள்ளைகள் நிச்சயமாக மறைக்கமாட்டார்கள். கறவை மாடு, கிடேரி, குதிரை என்று அறுப்புக்குப் போகாத பிரிவுகளும் உண்டு. பார்க்கத் தயக்கமிருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.

கால்நடை மருத்துவம் படித்தவனாக உறுதியாகச் சொல்லக்கூடியது நோய் விஷயம். பன்றிக் கொட்டகைக்குள் எதையும் தின்னாதீர்கள், குடிக்காதீர்கள், ஸ்ட்ரோலர் (குழந்தைத் தள்ளுவண்டி), பால்புட்டி கொண்டுபோகாதீர்கள். 2012இல் அமெரிக்காவில் பன்றியிலிருந்து மனிதருக்குத் தொற்றிய எச்3என்2வி காய்ச்சல் 309 பேருக்கு உறுதியானது. பெரும்பாலும் ஃபேர்களில் பன்றியோடு பழகியவர்கள், அதிலும் சிறுவர்கள். ஒருவர் இறந்தார். அதனால் ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள், 65 தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா, சர்க்கரை போன்ற நோய் உள்ளவர்கள் பன்றிக் கொட்டகையைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஊரிலிருந்து பாட்டி தாத்தா வந்திருந்தால் அவர்களை மாட்டுப் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். மாடு, ஆட்டின் சாணத்தில் ஈகோலை என்ற கிருமி இருக்கலாம். 2004இல் வட கரோலினா மாநில ஃபேரில் தொட்டு விளையாடும் ஆட்டுப் பட்டியிலிருந்து நூறு பேருக்கு மேல் நோயுற்றார்கள், சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது. கொட்டகை வாசல்களில் பெரும்பாலும் கை கழுவுமிடம் இருக்கும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவவேண்டும், பாட்டில் ஜெல் அதற்கு ஈடாகாது. இதைச் சொல்லிப் பயமுறுத்துவதாக நினைக்காதீர்கள். நம் ஊரில் மாட்டைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தால் பாட்டி என்ன சொல்வாரோ அதேதான்.

ராட்டினத்தில் ஏற்றலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் பிள்ளைகள் கேட்பார்கள். ஒஹாயோவில் இவற்றைச் சோதிப்பது மாநில விவசாயத் துறை. 2017இல் மாநில ஃபேரில் ஃபயர் பால் என்ற ராட்டினம் ஓடும்போதே உடைந்து பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் இறந்தார். உட்புறம் துருப்பிடித்திருந்த இரும்புத் தாங்கிதான் காரணம் என்று தயாரித்த நிறுவனமே சொன்னது. பிறகு சோதனைச் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். வெளியிலிருந்து பார்த்து எது பத்திரம் என்று கண்டுபிடிக்கும் கலை எனக்குத் தெரியாது. என் பிள்ளைகள் சின்னக் குதிரை ராட்டினத்தோடு திருப்தி அடையப் பழக்கப்பட்டுவிட்டார்கள். வளையம் வீசும் கடைகளில் பணத்தைக் கொட்டாதீர்கள், அந்தக் கரடி பொம்மை யாருக்கும் போவதில்லை.

சாப்பாடு. எல்லாரும் புகழும் ஃபனல் கேக் என்பது மாவைக் கொதிக்கும் எண்ணெயில் சுற்றிச் சுற்றி ஊற்றி எடுப்பது. பாகில் போட மறந்த ஜாங்கிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள், மேலே சர்க்கரைப் பொடி. சுட்ட சோளம், கண்ணெதிரே எலுமிச்சை பிழிந்து குலுக்கித் தரும் சர்பத், வினிகர் தெளித்த உருளைக்கிழங்கு வறுவல், பால் பண்ணைக்காரர்கள் கடையில் மில்க் ஷேக். இவ்வளவும் இருக்கும், பசியோடு திரும்பமாட்டீர்கள். ஆனால் அதே எண்ணெய்ச் சட்டியில் சோள மாவு தோய்த்த சாசேஜும் வெந்திருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள். சர்ச் அம்மாக்கள் விற்கும் 'பை' என்ற சுட்ட பண்டத்தில் மேல்மாவு பன்றிக் கொழுப்பில் பிசைந்ததாக இருக்கலாம். அதையும் கேட்டால் சொல்லிவிடுவார்கள், கோபித்துக்கொள்ளமாட்டார்கள். சுட்ட பீன்ஸில் அநேகமாகப் பன்றிக்கறித் துண்டு கிடக்கும்.

நீங்களே போட்டியில் கலந்துகொள்ளலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஓப்பன் கிளாஸ் என்று ஒரு பிரிவு: காய்கறி, பூ, ஊறுகாய், ரொட்டி, தையல், புகைப்படம். ஒருமுறை ஒரு ஃபேரில் என் மனைவியின் எலுமிச்சை ஊறுகாயை "பிற ஊறுகாய்கள்" வகுப்பில் வைத்தேன். ரிப்பன் இல்லை. அட்டையில் எழுதியிருந்தது: பாட்டிலில் மேலே விடவேண்டிய இடைவெளி சரியில்லை, எண்ணெய் மிதக்கிறது, அங்கீகரிக்கப்பட்ட செய்முறை இல்லை. வீட்டில் இரண்டு நாள் அமைதி. யோசித்துப் பார்த்தால் நடுவர் சொன்னது நியாயம். அவர்கள் அளவுகோல் மாதக்கணக்கில் அடைத்து வைக்கும் பண்டத்தில் விஷக்கிருமி வளரக்கூடாது என்பது, நம் அளவுகோல் நாக்கு. அடுத்த வருடம் கத்தரிக்காய் வைத்தோம். தட்டில் ஐந்து காய், ஐந்தும் ஒரே அளவு, ஒரே நிறம், காம்பு ஒரே நீளம். பெரிய காய்க்குப் பரிசு இல்லை, ஒன்றுபோல் இருப்பதற்குத்தான். சிவப்பு ரிப்பன், அதாவது இரண்டாம் பரிசு. அது இன்னும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் தொங்குகிறது. பிள்ளைகள் பிரிவில் பல இடங்களில் வேறு முறை உண்டு. ஒருவரோடு ஒருவரை ஒப்பிடாமல், அளவுகோலைத் தொட்டவர் எல்லோருக்கும் நீலம், அதாவது முதல் தர ரிப்பன். ஒரே மேசையில் பத்து நீல ரிப்பனைப் பார்த்து நாம் சிரிப்பது இது தெரியாததால்.

டெலவேருக்கு மட்டும் உரிய ஒன்று உண்டு: லிட்டில் பிரவுன் ஜக். 1946இலிருந்து நடக்கும் குதிரை வண்டிப் பந்தயம், வியாழக்கிழமையில் வரும். மூன்று வயதுக் குதிரைகள், இரண்டு சக்கர இலகு வண்டி, அரை மைல் வட்டப் பாதை. இந்த வகையில் நாட்டின் மூன்று பெரிய பந்தயங்களில் இது ஒன்று, அது ஒரு கவுண்டி ஃபேரில் நடக்கிறது. கொங்கு நாட்டு ரேக்ளாவைப் பார்த்தவர்களுக்கு ஒரு கணம் ஊர் ஞாபகம் வரும். ஆனால் குதிரையின் காலைக் கவனியுங்கள்: வலப்பக்க முன்னங்காலும் பின்னங்காலும் சேர்ந்து போகும், பிறகு இடப்பக்கம். ஒட்டகம் நடப்பதைப் போல, ஆனால் மின்னல் வேகத்தில். நாலுகால் பாய்ச்சலுக்கு மாறினால் குதிரையை ஓரம் கட்டவேண்டும். வேலிக்கு அருகே நாற்காலிகளை முன்கூட்டியே கட்டிவைத்து இடம் பிடிக்கும் ஊர் இது, பஸ்ஸில் துண்டு போடும் நமக்கு விளக்கவேண்டியதில்லை. அன்று கூட்டம் அதிகம், கொட்டகைகளை நிதானமாகப் பார்க்க முடியாது. முதல் தடவைக்கு அந்த நாள் வேண்டாம்.

ஏன் இந்த ஃபேருக்கு, இப்போதே போகவேண்டும் என்றால், நீங்களும் நானும் குடியிருக்கும் வீடுகள்தான் காரணம். டெலவேர் கவுண்டியின் மக்கள்தொகை 1990இல் சுமார் 67 ஆயிரம், 2020இல் 2 லட்சத்து 14 ஆயிரம். வீடு முளைத்த இடமெல்லாம் பெரும்பாலும் சோளமும் சோயாவும் விளைந்த நிலம். உங்கள் தெருவுக்கு ஏதாவது பண்ணையின் பெயர் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். நமக்கு இடம் விட்டவர்களில் மிஞ்சியிருப்பவர்களை ஒரே கூரையின் கீழ் பார்ப்பது இந்த ஒரு வாரத்தில்தான். அவர்கள் நம்மை எப்படிப் பார்ப்பார்கள்? என் அனுபவத்தில், மாட்டைப் பற்றிக் கேட்கத் தொடங்கினால் நிறம் மறந்துவிடும். அதற்காக எல்லாம் இனிப்பு என்று சொல்லமாட்டேன். சில ஃபேர்களின் கடைத்தெருவில் மனதை உறுத்தும் கொடியும் வாசகமும் விற்பதைப் பார்த்திருக்கிறேன், கட்சிக் கூடாரங்களில் குரல் உயர்வதும் உண்டு. நான் அந்த வரிசையைக் கடந்து கொட்டகைக்குப் போய்விடுவேன். அது சரியா, கோழைத்தனமா என்று எனக்குள் இன்னும் வாதம் முடியவில்லை.

ஆக, வேலை நாள் ஒன்றில், காலை ஒன்பது மணி வாக்கில் போங்கள். முந்தின இரவே ஃபேரின் இணையதளத்தில் அன்றைய காட்சிப் பட்டியலைப் பார்த்து, கறவை மாடோ ஷோமன்ஷிப்போ நடக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். பழைய ஷூ, கொஞ்சம் சில்லறை, மாற்று உடை ஒன்று. மதியம் வெயிலேறியதும் சர்பத், ஒரு ஃபனல் கேக்கை நாலு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள், ஒரு ராட்டினம், வீடு. சாயங்காலம் கார்களை மோதி உடைக்கும் போட்டி வைத்திருந்தால் கணவரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், அவர் பொருட்காட்சி என்று சொன்னதை மறந்துவிடுவார். பிடித்துப்போனால், ஒன்பது வயதுப் பிள்ளை ஃபோர்-எச்சில் சேரலாம், ஆறு வயதுக்கு குளோவர்பட் என்ற பாலர் பிரிவு இருக்கிறது. மாடு வாங்கவேண்டியதில்லை. சமையல், மரவேலை, ராக்கெட், புகைப்படம் என்று நம் அபார்ட்மெண்டுக்குள் அடங்கும் திட்டங்கள் ஏராளம். சேர்க்கை வசந்தத்திலேயே முடிந்துவிடும், செப்டம்பரில் கண்டு ஆசைப்பட்டால் அடுத்த ஏப்ரலுக்கு முன் கேட்டுவையுங்கள்.

கொட்டகைக்குள் ஒரு பையனோ பெண்ணோ மாட்டின் வயிற்றில் தலைவைத்துத் தூங்குவதைப் பார்ப்பீர்கள். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து குளிப்பாட்டியவர்கள், எழுப்பாதீர்கள். விழித்திருப்பவர்களிடம் தாராளமாகப் பேசுங்கள், கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். கறவை மாட்டுப் பக்கம் என்றால் மாட்டின் பெயரைக் கேட்டுத் தொடங்குங்கள், அரைமணி நேரம் கதை கிடைக்கும். பன்றி, ஆட்டுப் பக்கம் ஏல நாளன்று போக நேர்ந்தால் பெயரைக் கேட்காதீர்கள். எடை எவ்வளவு ஏறியது என்று கேளுங்கள், அன்று அவர்களுக்கு அதற்குப் பதில் சொல்வது சுலபம்.